டிம்மில் முப்பது மீட்டருக்கு மேல் எதுவும் தெரியவில்லை, எல்இடி மாட்டாமல் வேறு வழி உண்டா?

#1 சின்னமனூரான்

வண்டி 2013 வேகன்ஆர், பெட்ரோல், ஓடியது 91 ஆயிரம். வேலை திண்டுக்கல்லில், வீடு சின்னமனூரில். வெள்ளிக்கிழமை இரவு எட்டரைக்குக் கிளம்பினால் செம்பட்டி, வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி, பெரியகுளம், தேனி என்று போய்ச் சேரப் பதினொன்று ஆகும். பாதி தூரத்துக்குத் தெருவிளக்கு கிடையாது. எதிரே வருகிற ஆம்னி பஸ்ஸும் டிப்பரும் டிம் அடிக்க மாட்டார்கள், அது எல்லோருக்கும் தெரிந்த கதை.

போன வாரம் தேவதானப்பட்டி தாண்டி ஒரு கரும்பு டிராக்டர். பின்னால் விளக்கும் இல்லை, ஒளி பட்டால் மின்னுகிற ஒட்டுவில்லையும் இல்லை. எதிரே வண்டி வந்ததால் நான் டிம்மில் போனேன், வேகம் 70 இருக்கும். கரும்புத் தோகை ஆடுவது தெரிந்தபோது டிரெய்லர் கிட்டத்தட்ட பானெட்டின் மேல் இருந்தது. எப்படி ஒடித்தேன் என்று இன்னும் தெரியவில்லை. பின்சீட்டில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார், எழுந்து "பள்ளமாப்பா" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

இருப்பது சாதா எச்4 ஹாலோஜன், டிம்முக்கும் பிரைட்டுக்கும் ஒரே பல்பு, உள்ளே இரண்டு இழை. பல்பு கடைசியாக எப்போது மாற்றினேன் என்று நினைவில்லை. ஹெட்லைட் கண்ணாடி லேசாக மஞ்சள். கடையில் கேட்டால் எல்லோரும் ஒரே வாயாக எல்இடி போடு என்கிறார்கள். எனக்கு எதிரே வருகிறவன் கண்ணைப் பறிக்கவும் இஷ்டமில்லை, போலீசிடம் நிற்கவும் இஷ்டமில்லை. மூவாயிரம் ரூபாய்க்குள் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா?

#2 நைட்ரைடர்கோவை

ப்ரோ, யோசிக்காமல் எல்இடி போடுங்கள். நான் 1,800 ரூபாய்க்கு வாங்கினேன், பெட்டியில் 12,000 லூமென் (வெளிச்ச அளவு) போட்டிருக்கிறது, ஹோல்டரில் அப்படியே சொருகிவிடலாம், பத்து நிமிட வேலை. இரண்டு வருடமாக வால்பாறை மலைப்பாதையில் ஓட்டுகிறேன், பகல் மாதிரி இருக்கிறது. எதிரே வருபவர்கள் நமக்கு டிம் அடிக்கிறார்களா, நாம் மட்டும் ஏன் அடுத்தவன் கண்ணைப் பற்றிக் கவலைப்பட வேண்டும்?

#3 மீட்டர்மாமா

தம்பி சின்னமனூரான், ஒரு ரூபாய் செலவு செய்வதற்கு முன் மூன்று விஷயத்தை அளந்து வந்து இங்கே எழுதுங்கள். அப்புறம் பேசலாம்.

சமதளமான ஒரு இடம், எதிரே சுவர். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். ஹெட்லைட்டின் நடுப்புள்ளி தரையிலிருந்து எத்தனை செ.மீ. என்று டேப் வைத்து அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு போடுங்கள். வண்டியைச் சுவரிலிருந்து சரியாக 10 மீட்டர் பின்னால் நிறுத்தி டிம் போடுங்கள். வெளிச்சத்தின் மேல்விளிம்பு ஒரு கோடு மாதிரி விழும், இடது கை பக்கம் மட்டும் மேலே ஏறும். அந்தச் சமமான விளிம்பு உங்கள் கோட்டுக்கு எத்தனை செ.மீ. கீழே இருக்கிறது? இது ஒன்று. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் 0 முதல் 3 வரை போட்ட, எண் கூடக்கூட விளக்கின் ஒளியைத் தாழ்த்துகிற உருளை ஒன்று இருக்கும், அது எந்த எண்ணில் இருக்கிறது? இது இரண்டு. இன்ஜின் ஓடும்போது, விளக்கு எரியும்போது, பேட்டரி முனையில் எத்தனை வோல்ட், பல்பு ஹோல்டரின் பின்னால் எத்தனை வோல்ட்? இது மூன்று. மல்டிமீட்டர் இல்லையென்றால் ஏதாவது எலக்ட்ரிக் கடையில் 300 ரூபாய்க்குக் கிடைக்கும், வீட்டுக்கும் ஆகும்.

கோவை தம்பிக்கு ஒன்று. எச்4 ஹாலோஜனின் பிரைட்டுக்குச் சர்வதேசத் தரம் சொல்வது 13.2 வோல்ட்டில் சுமார் 1,650 லூமென், டிம்முக்கு சுமார் 1,000. உங்கள் பெட்டி 12,000 என்கிறது. அது உண்மையாக இருந்தால் அந்தச் சின்ன விசிறி ஐந்து நிமிடத்தில் உருகியிருக்கும். பெட்டியில் அச்சடிப்பதற்கு யாரும் மீட்டர் வைத்துப் பார்ப்பதில்லை.

#4 சட்டப்படி

லூமென் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 106 படித்துப் பாருங்கள். விளக்கின் முன்னால் 8 மீட்டர் தள்ளி, விளக்குக்கு அரை மீட்டர் வலப்பக்கம், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கிற ஒருவருக்குக் கூசாதபடி ஒளி கீழே சாய்ந்திருக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் என்றால் கிட்டத்தட்ட நின்றுகொண்டிருக்கும் மனிதரின் கண். ஹாலோஜனுக்கு என்று வார்த்த ரிஃப்ளெக்டரில் (பல்பின் ஒளியைச் சாலைக்குத் திருப்புகிற வெள்ளிக் கிண்ணம்) எல்இடி சொருகினால் இதில் பாஸ் ஆகுமா என்று யாராவது நின்று பார்த்திருக்கிறீர்களா?

#5 நைட்ரைடர்கோவை

விதி எல்லாம் எழுத்தில்தான் சார். வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 52 சொல்வது ஆர்சியில் உள்ள விவரங்களைத்தானே? என் ஆர்சியில் பல்பு எத்தனை வாட் என்று எங்கும் எழுதவில்லை. அப்புறம் எப்படிக் குற்றம்?

#6 சட்டப்படி

நல்ல கேள்வி. இதைச் சொல்லித்தான் கடைக்காரர்கள் விற்கிறார்கள். பிரிவு 52 வண்டியின் பதிவு விவரம் பற்றியது என்பது சரி. வண்டியைத் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் சொன்னது. பல்பு அந்த வரிக்குள் வருமா வராதா என்று வக்கீல்கள் நாள் முழுக்க வாதாடலாம். ஆனால் விளக்குக்கு அந்தப் பிரிவே தேவையில்லை. பிரிவு 190(2) தனியாக இருக்கிறது. சாலைப் பாதுகாப்புக்கு என்று வகுத்த தரத்தை மீறிய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டினால் முதல் முறைக்கே 3 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும், லைசென்சும் 3 மாதம் முடங்கும். எதுவும் பொருந்தவில்லை என்றால் பொதுப் பிரிவு 177, முதல் முறை 500 ரூபாய். நடைமுறையில் சாலையில் நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் இந்த 500 ரூபாயோடு விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் எல்லோரும் தைரியமாக இருக்கிறார்கள்.

விபத்து என்று ஒன்று நடந்தால் கதை வேறு. எதிரே வந்தவர் "கண் கூசியது, எதுவும் தெரியவில்லை" என்று ஒரு வரி சொல்லிவிட்டால், உங்கள் வண்டியில் என்ன பல்பு இருக்கிறது என்று அப்போது பார்ப்பார்கள்.

#7 ஸ்கூட்டிக்காரி

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் தினமும் இரவு ஏழரைக்கு மில்லிலிருந்து ஸ்கூட்டியில் வீட்டுக்கு வருகிறவள். எதிரே எல்இடி போட்ட கார் வந்தால் நான் செய்வது ஒன்றுதான், வேகத்தைக் குறைத்துத் தரையில் இருக்கிற வெள்ளைக் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு இடப்பக்கம் ஒதுங்குவேன். கார் போன பிறகும் மூன்று நான்கு நொடி எதுவும் தெரியாது. அந்த மூன்று நொடியில் குழி இருந்தால் குழி, நாய் இருந்தால் நாய். "நாம் மட்டும் ஏன் கவலைப்பட வேண்டும்" என்று கேட்ட அண்ணனுக்கு இந்தத் தகவல்.

#8 சின்னமனூரான்

மாமா சொன்னபடி நேற்று இரவு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற நெல் குடோன் சுவரில் அடித்துப் பார்த்தேன். விளக்கின் நடு உயரம் 74 செ.மீ. வலது விளக்கின் விளிம்பு கோட்டுக்கு 18 செ.மீ. கீழே. இடது விளக்கு 30 செ.மீ. கீழே, அதுவும் விளிம்பே ஒழுங்காக இல்லை, சாம்பார் கொட்டின மாதிரி கலங்கலாக இருக்கிறது. உருளை 2ல் இருந்தது! நான் அதைத் தொட்டதே இல்லை, வாட்டர் வாஷில் யாரோ துடைக்கும்போது திருகியிருக்க வேண்டும்.

வோல்ட் கேட்டால் சிரிப்பீர்கள். பேட்டரியில் 13.9. வலது பல்பில் 12.1. இடது பல்பில் 11.9.

#9 மீட்டர்மாமா

சிரிக்கவில்லை, இந்த வயது வண்டிகளில் முக்கால்வாசி இப்படித்தான் இருக்கும். உங்கள் பிரச்சினை பாதி கையில் வந்துவிட்டது.

10 மீட்டரில் 10 செ.மீ. கீழே இருந்தால் ஒரு சதவீதச் சாய்வு. உங்கள் உயர வண்டிக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வைப்பது வழக்கம். உங்கள் ஹெட்லைட் மேல்பக்கத்திலோ பக்கத்துத் தகட்டிலோ சின்ன விளக்குப் படம் போட்டு 1.0 அல்லது 1.3 என்று சதவீதம் அச்சடித்திருக்கிறதா பாருங்கள், இருந்தால் அதுதான் அந்த வண்டிக்கான கணக்கு. இப்போது உங்கள் இடது விளக்கைப் பார்ப்போம். 10 மீட்டருக்கு 30 செ.மீ. இறங்குகிறது என்றால் 74 செ.மீ. இறங்க 25 மீட்டர்கூட வேண்டாம். அதாவது அதன் மேல்விளிம்பே 25 மீட்டரில் தரையில் மோதிவிடுகிறது. அதற்கு அப்பால் வருவது சிதறல் வெளிச்சம் மட்டும். ஒரு சதவீதத்தில் இருந்தால் அதே விளிம்பு 74 மீட்டர் போகும்.

இதை வேகத்தோடு சேர்த்துப் பாருங்கள். மணிக்கு 70 கி.மீ. என்றால் நொடிக்கு சுமார் 19 மீட்டர். கண் பார்த்து, மூளை புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்று வையுங்கள், 29 மீட்டர் போய்விட்டது. இன்னும் பிரேக்கே அடிக்கவில்லை. நல்ல சாலையில் நல்ல டயரோடு நிற்க இன்னொரு 27 மீட்டர். டிராக்டர் தப்பியது உங்கள் அம்மா செய்த புண்ணியம்.

இடது விளக்கின் கலங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் பல்பு சரியாக உட்காராதது. பின்னால் ரப்பர் மூடியைக் கழற்றுங்கள், கம்பிக் கிளிப்பை விடுவியுங்கள். எச்4 பல்பின் வட்டத் தகட்டில் மூன்று காதுகள் இருக்கும், மூன்றும் ஒரே மாதிரி இருக்காது, ஒரே ஒரு விதத்தில்தான் உட்காரும். அவசரத்தில் மாட்டினால் ஒரு காது வெளியே நிற்கும், கிளிப் மட்டும் எப்படியோ மாட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கிற இழை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே ரிஃப்ளெக்டர் கணக்கு மொத்தமும் போய்விடும். டிம் இழைக்கு அடியில் ஒரு சின்னக் கிண்ணம் இருக்கிறது, அதுதான் மேலே போகிற வெளிச்சத்தை மறைத்து அந்த விளிம்புக் கோட்டை உண்டாக்குகிறது. எல்இடிக்காரர்கள் இரண்டு பக்கம் சில்லு (சிப்) ஒட்டி நடுவில் ஒரு தகடு வைத்து இதைப் போலி செய்யப் பார்க்கிறார்கள். இழை என்பது மெல்லிய உருளை, சுற்றிலும் ஒளி விடும். சில்லு தட்டை, இரண்டு பக்கம் மட்டும் விடும். ரிஃப்ளெக்டருக்கு அது வேறு பாஷை.

பல்புக் கண்ணாடியில் விரல் படக்கூடாது, கை எண்ணெய் பட்ட இடம் சூட்டில் கெட்டுப் பல்பு சீக்கிரம் போகும். பட்டுவிட்டால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிடுங்கள்.

#10 பட்டறைப்பாண்டி

நான் ஆட்டோ எலக்ட்ரீஷியன், 22 வருடம். மாமா சொன்ன வோல்ட் விஷயத்தை நான் கொஞ்சம் நீட்டுகிறேன், என்னிடம் வருகிற நூறு பேரில் ஒருவர்கூட இதைக் கேட்பதில்லை.

பேட்டரியில் 13.9 இருந்து பல்பில் 11.9 என்றால் 2 வோல்ட் வழியில் திருடு போகிறது. மெல்லிய ஒயர், தேய்ந்த டிம்-பிரைட் சுவிட்ச், துருப்பிடித்த எர்த், கறுத்துப்போன ஹோல்டர் எல்லாம் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஹாலோஜனுக்கு ஒரு குணம் உண்டு, வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு குறையும். உங்கள் வண்டியில் நடப்பது அதுதான்.

முதலில் காசில்லாத வேலை. பாடியில் எர்த் போல்ட் இருக்கிற இடத்தைத் தேய்த்து வெள்ளையாக்கி இறுக்குங்கள். ஹோல்டரைக் கழற்றிப் பாருங்கள், பிளாஸ்டிக் பழுப்பாகி ஒரு பக்கம் உருகியிருந்தால் அது போயிற்று, பீங்கான் ஹோல்டர் ஒன்று நூறு சொச்சம்தான். அதற்குப் பிறகும் ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் ரிலே ஒயரிங் போடலாம். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தடித்த ஒயர் நேராகப் பல்புக்கு, பழைய ஒயர் ரிலேயைத் தட்டி எழுப்ப மட்டும். பழைய ஒயரில் ஒரு வெட்டுகூடப் போடாமல் கப்ளர் மாதிரி சொருகுகிற கிட் கிடைக்கிறது, எண்ணூறிலிருந்து ஆயிரத்து இருநூறு வரை. வெட்டி ஒட்டி டேப் சுற்றுகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். தீப்பிடித்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவது அந்த டேப்பைத்தான்.

ஒரு எச்சரிக்கை. சில ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகளில் சுவிட்ச் மைனஸ் பக்கத்தைத்தான் இணைக்கும், துண்டிக்கும், பிளஸ் எப்போதும் பல்பில் நிற்கும். சாதாரணக் கிட்டைச் சொருகினால் ஒன்று எரியாது, இல்லை டிம்மும் பிரைட்டும் சேர்ந்து எரியும். வாங்குவதற்கு முன் மீட்டர் வைத்து எந்தப் பக்கம் சுவிட்ச் என்று பார்த்துக் கேட்டு வாங்குங்கள். புது வண்டிகளில் விளக்கைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது, அவற்றில் ரிலே கிட் வேண்டவே வேண்டாம், மினுக்கும்.

ரிலே இருக்கிறதே என்று 100/90 வாட் பல்பு போடாதீர்கள். ரிஃப்ளெக்டரின் வெள்ளி போய்விடும். ஒரு டாக்சிக்காரர் போட்டார், ஆறு மாதத்தில் உள்ளே முட்டை பொரித்த மாதிரி ஒரு வட்டம். சட்டப்படியும் 60/55 வாட்தான், பிரைட்டுக்கு 60, டிம்முக்கு 55.

#11 நைட்ரைடர்கோவை

சரி, ஹாலோஜனிலேயே "150 சதவீதம் அதிக வெளிச்சம்" என்று விற்கிறார்களே, அதுவும் பொய்யா?

#12 பல்புப்பித்தன்

பொய் இல்லை, வக்கீல் பாஷை. அந்த 150 சதவீதம் சாதா பல்போடு ஒப்பிட்டது இல்லை, சட்டம் கேட்கிற குறைந்தபட்ச அளவோடு, அதுவும் சாலையில் குறிப்பிட்ட ஒரு புள்ளியில் ஒப்பிட்டது. இழையைக் குட்டையாக, நெருக்கமாகச் சுற்றி வெளிச்சத்தை ஒரு இடத்தில் குவிக்கிறார்கள். நான் ஆஸ்ராம் நைட் பிரேக்கரும் போட்டிருக்கிறேன், பிலிப்ஸ் எக்ஸ்ட்ரீம் விஷனும் போட்டிருக்கிறேன். வித்தியாசம் உண்டு, தூரத்தில் கொஞ்சம் கூடத் தெரியும். ஆனால் ஆயுள் கம்மி. தினமும் இரவு ஓட்டுகிறவருக்கு வருடத்துக்கு ஒரு ஜோடி ஆகிவிடும். என் கணக்கில் ஜோடி இரண்டாயிரத்தை ஒட்டி வந்தது. சாதா பல்பு அதே கம்பெனியில் ஜோடி நானூறுக்குள். பழைய பல்பு உள்ளே கறுத்திருந்தால் புது சாதா பல்பே பெரிய மாற்றம். பல்பின் அடியில் வட்டத்துக்குள் ஆங்கில 'ஈ' (E) எழுத்தும் ஒரு எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 'ஈ1' என்றால் ஜெர்மனி, 'ஈ4' என்றால் நெதர்லாந்து, அந்த நாடு தரச்சான்று கொடுத்தது என்று அர்த்தம்.

நீலம் பூசின "வெள்ளை" பல்பு மட்டும் வேண்டாம். நீலக் கண்ணாடி மஞ்சள், சிவப்பு ஒளியை வடிகட்டித்தான் வெள்ளையாகக் காட்டுகிறது, அதாவது காசு கொடுத்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்கிறீர்கள். ஈரத் தார்ச்சாலையில் இன்னும் மோசம்.

எல்இடிக்குச் சட்டப்படி வழியே இல்லையா என்றால், வேறு நாட்டில் இருக்கிறது. ஜெர்மனியில் 2020ல் ஆஸ்ராமின் எச்7 எல்இடிக்கு அனுமதி கொடுத்தார்கள், பின்னால் பிலிப்ஸுக்கும். அதுகூட எல்லா வண்டிக்கும் இல்லை, சோதித்துப் பார்த்து இந்த மாடல், இந்த ஹெட்லைட் எண் என்று பட்டியல் போட்டு அதற்கு மட்டும். அந்தக் காகிதம் இங்கே செல்லாது. கடையில் "ஜெர்மனியிலேயே அனுமதி சார்" என்று சொன்னால் எந்த வண்டிக்கு என்று கேளுங்கள்.

#13 பேட்டர்ஸ்ரோடு

சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் இந்த வாரம் போய் விசாரித்தேன். ஆறு கடையில் ஐந்து கடை எல்இடியைத்தான் கையில் கொடுக்கிறது. ஹாலோஜன் கேட்டால் "எந்தக் காலத்தில் சார் இருக்கிறீர்கள்" என்கிறார்கள். ஆறாவது கடைப் பெரியவர் மட்டும் முதலில் கண்ணாடியைப் பாலிஷ் போடச் சொன்னார். சின்னமனூரான், மஞ்சள் கண்ணாடியை யாரும் இன்னும் பேசவில்லை, அதையும் கவனியுங்கள்.

#14 பட்டறைப்பாண்டி

அதுவும் முக்கியம். ஹெட்லைட் கண்ணாடி உண்மையில் கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். மேலே பூசின காப்புப் படலம் வெயிலில் செத்துத்தான் மஞ்சளாகிறது. பற்பசை போட்டுத் தேய்த்தால் அன்றைக்குப் பளபளக்கும், இரண்டு மாதத்தில் முன்பைவிட மோசமாகும், மிச்சமிருந்த படலத்தையும் எடுத்துவிட்டீர்களே. சரியான வழி: சுற்றிலும் பெயின்ட்டில் படாமல் டேப் ஒட்டி, தண்ணீர் விட்டுக்கொண்டே 1000 நம்பர் வாட்டர் பேப்பர், பிறகு 2000, பிறகு 3000. மஞ்சள் கரைந்து பால் மாதிரி வழியும், அது நிற்கும்வரை முதல் பேப்பரை விடாதீர்கள். கடைசியில் ரப்பிங் காம்பவுண்ட். அதோடு நிறுத்தினால் வேலை பாதி. மேலே வெயில் தாங்குகிற தெளிவான கோட்டிங் அடித்தே ஆக வேண்டும். உள்பக்கம் மஞ்சளாகவோ ரிஃப்ளெக்டர் மங்கியோ இருந்தால் தேய்த்துப் பயனில்லை, ஹெட்லைட்டை முழுசாக மாற்றுகிற புது அசெம்பிளிதான்.

#15 பெரியகுளம் டீச்சர்

வண்டி பற்றி எனக்கு அதிகம் தெரியாது. என் வீட்டுக்காரர் இரண்டு வருடமாக "விளக்கு பத்தவில்லை" என்று பல்பு மேல் பல்பாக மாற்றினார். எதிரே வண்டி வந்தால் விளக்கைச் சுற்றிப் பெரிய வளையம் தெரிகிறது என்று ஒருநாள் சொன்னார். மதுரைக்குக் கூட்டிப்போய்க் காட்டினால் இரண்டு கண்ணிலும் புரை. அறுவை சிகிச்சை முடிந்ததும் அதே வண்டி, அதே விளக்கு, இப்போது குறையே சொல்வதில்லை. நடுவில் யாரோ சொல்லி மஞ்சள் நிற இரவுக் கண்ணாடி வேறு வாங்கினார். எதிர் வெளிச்சத்தில் அதைப் போட்டுக்கொண்டால் சாலையில் நடப்பவர் சீக்கிரம் தெரிவதில்லை என்று 2019லேயே ஆய்வு செய்து சொல்லிவிட்டார்களாம், கண் டாக்டர்தான் சொன்னார். சின்னமனூரான் தம்பிக்கு வயது நாற்பது தாண்டியிருந்தால் கண்ணையும் ஒருமுறை காட்டிக்கொள்ளட்டும்.

#16 சின்னமனூரான்

டீச்சர், வயது 38. காட்டினேன், இடது கண்ணுக்கு அரை பவர் ஏறியிருக்கிறது. கண்ணாடி மாற்றிவிட்டேன், நன்றி.

மற்ற கணக்கு. இடது பல்பைக் கழற்றியபோது மாமா சொன்னது அப்படியே இருந்தது, கீழ்க்காது வெளியே நின்றது. இரண்டு வருடம் முன்பு ஒரு பட்டறையில் பம்பர் டிங்கரிங் செய்தபோது ஹெட்லைட்டைக் கழற்றி மாட்டினார்கள், அன்றிலிருந்து நான் ஒரு விளக்கோடுதான் ஓட்டியிருக்கிறேன்! ஹோல்டர் இரண்டும் பழுப்பு. எர்த் போல்ட் தேய்த்ததில் மட்டும் 0.6 வோல்ட் திரும்ப வந்தது, நம்பவே முடியவில்லை. புது சாதா பல்பு ஜோடி 380, மைனஸ் சுவிட்ச் வகை ரிலே கிட் பீங்கான் ஹோல்டரோடு 1,150, வாட்டர் பேப்பர், காம்பவுண்ட், கோட்டிங் ஸ்ப்ரே 720. ஞாயிறு முழுக்கத் தேய்த்ததில் தோள்பட்டை கழன்றது. இப்போது பல்பில் 13.4 வோல்ட். உருளையை 0ல் வைத்துத் திருகு சரிசெய்து குடோன் சுவரில் இரண்டும் 11 செ.மீ. மொத்தம் 2,250 ரூபாய்.

வெள்ளிக்கிழமை அதே சாலை. பகல் மாதிரி எல்லாம் இல்லை, அப்படி எதிர்பார்க்காதீர்கள். ஆனால் இடப்பக்க மைல்கல்லில் எழுத்து படிக்க முடிகிறது. புளியமரத்தில் அடித்த வெள்ளைப்பட்டை வரிசையாகத் தெரிகிறது, முன்பு இரண்டு மரம், இப்போது ஐந்தாறு மரம். அதே தேவதானப்பட்டிப் பக்கம் இன்னொரு டிரெய்லர், இதிலும் விளக்கில்லை. இந்த முறை நிதானமாக வேகம் குறைத்து, ஹாரன் அடித்துத் தாண்டினேன். டிம்மில் 60க்கு மேல் போவதையும் விட்டுவிட்டேன்.

#17 நைட்ரைடர்கோவை

ஒத்துக்கொள்கிறேன், என் வண்டியையும் சுவரில் அடித்துப் பார்த்தேன். விளிம்பு என்று ஒன்றே இல்லை. கீழே பக்கத்தில் பயங்கர வெளிச்சம், மேலே கூரைவரை சிதறல். பக்கத்தில் அவ்வளவு பளிச்சென்று இருப்பதால்தான் பகல் மாதிரி தோன்றியிருக்கிறது. தூரத்தில் பார்த்தால் தங்கை ஓட்டுகிற பழைய ஆல்டோவைவிடக் குறைவு. இருந்தாலும் 1,800 ரூபாய் போட்டாயிற்று, உடனே கழற்ற மனசு வரவில்லை. 15 வருட ஆர்சி புதுப்பிக்க அடுத்த வருடம் போக வேண்டும், அப்போது ஹாலோஜன் மாட்டிக்கொண்டு போவேன்.

#18 ஸ்கூட்டிக்காரி

ஆய்வாளருக்கு ஒரு நாள் ஹாலோஜன், எங்களுக்கு வருடம் முழுக்க எல்இடியா அண்ணா?

#19 மீட்டர்மாமா

இதற்குக் கோவை தம்பியிடம் பதில் இருக்காது, விடுங்கள்.

சின்னமனூரான், உருளையை 0லேயே விட்டுவிடாதீர்கள். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் அரிசி மூட்டை என்றால் பின்பக்கம் அமுங்கி மூக்கு தூக்கும், அப்போது நீங்களும் எதிரே வருகிறவர் கண்ணில்தான் அடிப்பீர்கள். நிறையப் பேர் ஏறினால் 1, மூட்டையும் சேர்ந்தால் 2. தனியாக ஓட்டும்போது 0.

#20 ஆல்டோதாத்தா

எனக்கும் இதே குறைதான், ஆல்டோ கே10. விளக்குத் திருகு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் தேடினேன்.

#21 பட்டறைப்பாண்டி

ஐயா, வண்டிக்கு வண்டி இடம் மாறும். ஹெட்லைட்டின் பின்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள், வெள்ளை நிறத்தில் பல்சக்கரம் மாதிரியோ திருகுத் தலை மாதிரியோ ஒன்று நிற்கும். சில வண்டிகளில் மேலிருந்து நீட்டு ஸ்டார் ஸ்குரூடிரைவரை விட ஒரு வழி விட்டிருப்பார்கள். அரைச் சுற்று திருப்பிச் சுவரைப் பாருங்கள், ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். பழைய பிளாஸ்டிக், வம்பு பண்ணினால் விட்டுவிடுங்கள், உடைந்தால் அசெம்பிளியே மாற்ற வேண்டி வரும்.